லிஃப்ட் மெக்கானிக் ஓடிய ஓட்டம்

பழுதான லிஃப்டைச் சரிசெய்வது அவர் தொழில். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பம்பரம். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அக்காவின் ஒரே மகள் சிட்டுவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, அந்தப் பம்பரத்துக்குக் கயிறே தேவைப்படவில்லை. மருத்துவமனை வராண்டாவை நடந்தே தேய்த்தார்.

"அண்ணே, உங்களப் பாத்தே எனக்குத் தலை சுத்துது. கொஞ்சம் வெளிய போய் நடங்களேன்," என்றார் வார்டு நர்ஸ்.

வெளியே வந்தவர் கண்ணில் வாசலில் ஒரு போஸ்டர் பட்டது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட மாரத்தான். நின்ற நிலையிலேயே பெயர் கொடுத்துவிட்டார். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாத கால்கள்!

விடிந்தும் விடியாமலும் ஓடிப் பழகினார். வேலைக்குப் போகிற கட்டிடங்களில், லிஃப்ட் மேலே கிளம்பியதும் மெல்லப் பேச்சை எடுப்பார். "நான் ஓடுறேன், நீங்க முடிஞ்சதக் குடுங்க." பலர் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், "முதல்ல லிஃப்ட் ஒரு மாசம் ஓடட்டும், அப்புறம் நீங்க ஓடலாம்," என்றார்.

சிட்டு அப்போது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். முடி கொட்டிய தலையில் தொப்பி.

"அந்தக் காசுல எனக்கு மருந்து வாங்குவாங்களா மாமா?"

"இல்லம்மா. புது மருந்து கண்டுபிடிக்க. இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு."

"அப்ப எனக்கு?"

அவர் குனிந்து அவள் தொப்பியைச் சரிசெய்தார். அவளே அடுத்ததைக் கேட்டாள். "இப்ப எனக்குப் போடுற மருந்துக்கு யாரு மாமா ஓடினாங்க?"

"தெரியலையே."

"பாவம். அவங்களுக்கும் கால் வலிச்சிருக்கும்ல?"

மாரத்தான் அன்று பாதி தூரம் தாண்டியிருப்பார், அக்காவிடமிருந்து போன்.

"சிட்டுக்குக் காய்ச்சல்டா. திரும்பச் சேத்துட்டோம்."

"இதோ வரேன்க்கா."

"வந்து? டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. நீ குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்கு இன்னும் பதறும். மாமா முடிச்சாச்சான்னு அவ கேட்டுக்கிட்டே இருக்கா. முடிச்சுட்டு வா."

இடப்பக்கம் திரும்பினால் மருத்துவமனைச் சாலை. அதைப் பார்த்தபடியே நேராக ஓடினார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நொண்டினார், நடந்தார், மறுபடி ஓடினார். எல்லையைத் தொட்டபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்ஸி பிடித்துப் போய் இறங்கினால், வியர்வைச் சட்டையோடு உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டார் நர்ஸ். கண்ணாடிக்கு வெளியே நின்றார். அக்கா தன் போனை மகள் காதில் வைத்தாள்.

"ஜெயிச்சீங்களா மாமா?"

"எனக்குப் பின்னாடி ஆம்புலன்ஸ் மட்டும்தான் வந்துச்சு."

வறண்ட உதட்டோடு அவள் சிரித்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆனது. சிகிச்சையெல்லாம் முடிந்து சிட்டு இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஆனாலும் பரிசோதனைக்கு வரச்சொல்லும் நாள் நெருங்கினால் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளாது. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். போன தடவை அக்காவும் கூட இறங்கினாள்.

"மெல்லப் போடா, மூச்சு வாங்குது," என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் நிற்கவில்லை.