பிரசவ அறையில் அமாவாசைக் காவிரி

எங்கள் மகள் பிறக்கவிருந்த அறையில் நான் தர்ப்பணத்தை ஒலிக்கவிட்டேன். நிறையப் படிக்கிறவனுக்கு மட்டுமே வாய்க்கும் மடத்தனம் அது.

மனைவிக்கு முதுகுத்தண்டில் பழைய அறுவை சிகிச்சை. பிரசவ வலிக்கு முதுகில் ஊசி போட முடியாது என்று தென்னூர் மருத்துவமனையில் முன்பே சொல்லிவிட்டார்கள். மருந்தில்லாமல் வலியைத் தணிக்கும் வழிகளை எல்லாம் தேடிப் படித்தேன். வெந்நீர்ப் பை, பெரிய ரப்பர் பந்து, மூச்சுப் பயிற்சி. ஓடும் தண்ணீரின் சத்தமும் உதவும் என்றிருந்ததால், ஒரு காலை ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காவிரியை ஃபோனில் பதிவு செய்தேன். பதிவாகும்போதே பிரசவப் புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். அன்று அமாவாசை. பிறகு கேட்டுப் பார்த்தது முதல் இரண்டு நிமிடம்தான்.

வலி வந்தது. பந்து பத்து நிமிடத்தில் தோற்றது. வெந்நீர்ப் பையைச் சுவரில் எறிந்தாள். மூச்சுக்கு எண்ணினேன், "எண்ணாதீங்கோ!" என்று கத்தினாள். மதியத்துக்குமேல் கத்தவும் வலுவில்லை. "ஏன்னா, முடியலை. என்னை இப்படியே விட்டுடச் சொல்லுங்கோ."

இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறது என்றார் நர்ஸ்.

என்னிடம் மிச்சமிருந்தது காவிரி. ஃபோனைத் தட்டினேன். தண்ணீர் சலசலத்தது, அவள் நெற்றி சற்றே தளர்ந்தது. அப்புறம் ஒரு கணீர்க் குரல்: "மூணு தலைமுறை பேரைச் சொல்லுங்கோ. எள்ளை விடுங்கோ."

கதவருகே நின்ற மாமியார் பதறினார். "பெருமாளே! மாப்பிள்ளை, பொறக்கற எடத்துல போனவாளைக் கூப்பிடறேளே!"

நிறுத்தப்போய் வேறு பொத்தானை அமுக்கினேன், சத்தம் கூடியது. அதே சமயம் அடுத்த வலி. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள். அந்தப் பெயர்களோடு இவள் பெயரும் சேர்ந்துவிடுமோ என்று நினைத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நர்ஸுக்கு உதவியாக நின்ற ஆயாம்மா ஃபோனைப் பிடுங்கி அழுக்குத்துணிக் கூடையில் போட்டார். என் முஷ்டியைப் பிடித்து, மனைவியின் தழும்புக்கு வெகு கீழே, வால் எலும்புக்கு மேலே பதித்தார்.

"வலி வந்தா அமுக்குங்க, போனா விடுங்க. பேசாதீங்க சார்."

இதுவும் புத்தகத்தில் இருந்தது. படம் இல்லாததால் தாண்டிப் போயிருந்தேன்.

"அங்கதான்... கையை எடுத்துடாதீங்கோ" என்றாள்.

எடுக்கவில்லை. வலி போகவில்லை; அவளால் தாங்க முடிந்தது, அவ்வளவுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் பிறந்தபோது என் கை மரத்திருந்தது. காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஒரு நல்ல வார்த்தைக்காக ஆயாம்மாவைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் அமுக்குனீங்க சார். ஆனா போன வாரம் மணப்பாறையிலேர்ந்து ஒரு மாட்டு யாவாரி சம்சாரத்தோட வந்திருந்தாரு. அவருக்குச் சொல்லித் தரவே வேண்டியிருக்கல."