அண்ணன் வரைய மறுத்த முகம்

அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அவருடைய படத்தைத்தான் தேடியிருப்பீர்கள். படம் இல்லை. படம் பிடிப்பவர் முன்னால் போய் உட்காரும்படி எத்தனையோ முறை கெஞ்சினோம், அவர் மசியவில்லை. யாரையாவது வைத்து வரையலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று சொல்வதானால் அவருடைய வாழ்க்கையையே சொல்லியாக வேண்டும். நான் அவருடைய ஒரே தங்கை. புகழ்ச்சியை மட்டும் எதிர்பார்த்து இதைப் படிக்க வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தந்தையார் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்து பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்தவர். அந்தக் கடையின் பின்கட்டில்தான் அண்ணன் பிறந்தார். முழம் போட்டுத் துணி கிழிக்கப் பழக வேண்டிய வயதில், வெள்ளைத் துணியைக் கண்டால் அண்ணனுக்குக் கை துறுதுறுக்கும். அடுப்பங்கரியை எடுத்து வந்து மயில் போட்டுவிடுவார். "படம் போட்ட துணிய எவன்டா வேட்டியா கட்டிக்கிட்டுப் போவான்?" என்று தந்தையார் கத்துவார். அடித்தார், பட்டினி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கோயில்தான் அண்ணனைக் காப்பாற்றியது. ஒரு திருவிழாவுக்கு முருகனையும் வள்ளியையும் வரைந்து திரைச்சீலை ஒன்று கொடுத்தார். முருகனை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வள்ளியைப் பார்த்துத்தான் சனங்கள் நின்றார்கள். கூரான மூக்கு, சற்றே தாழ்ந்த இமை, பேச வாயெடுத்து நிறுத்தியது போன்ற உதடு. பதுளையிலிருந்தும் பசறையிலிருந்தும் அதே முகத்தைக் கேட்டு ஆள் வந்தது. லட்சுமிக்கும் அதே முகம், மாரியம்மனுக்கும் அதே முகம் என்று வரைந்து தள்ளினார். "தெய்வமெல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்களா அண்ணே?" என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

கடையை ஒன்றுவிட்ட சகோதரரிடம் விட்டுவிட்டு அண்ணன் மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனார். தகரக் கூரை, மண் தரை, மழை பெய்தால் பாடம் காதில் விழாது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, செங்கல் துண்டையும் கரியையும் கொடுத்து வரையச் சொல்வார். படிப்புச் சொல்லித்தர வந்தவர் சுவரைக் கெடுக்கப் பழக்குகிறார் என்று தோட்டத்தில் பேச்சு எழுந்தது. அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லுணுகலையில் வாழ்க்கைப்பட்ட நான் கணவரை இழந்து, என் மகள் பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கியம் அவருடைய மடியில்தான் வளர்ந்தாள். மாமா கையில் சாயம் இருந்தால் அவள் கன்னத்திலும் சாயம் இருக்கும்.

அங்கேதான் அண்ணன் இறந்தவர்களை வரையத் தொடங்கினார். தோட்டத்தில் யாராவது போய்விட்டால் கருமாதிப் படையலில் அவர்களுடைய சேலையையோ வேட்டியையோ மடித்து வைத்துக் கும்பிடுவது வழக்கம். முகத்தைப் பார்க்க வழியில்லையே என்று ஒரு தாய் அழுததைக் கேட்டு, அவள் வாயால் சொன்ன அடையாளத்தை வைத்து அண்ணன் அவளுடைய மகளை வரைந்து கொடுத்தார். அவ்வளவுதான், பிறகு சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் அவர்களை உட்கார வைத்து, நெற்றி எப்படி, காது எப்படி, சிரித்தால் எப்படி என்று பொறுமையாகக் கேட்பார். படத்தைக் கொடுத்ததும் அவர்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அண்ணனின் வாழ்க்கையில் அவர் மனம் நிறைந்திருந்த காலம் அது ஒன்றுதான்.

சின்னக்கருப்பன் என்ற தொழிலாளியின் மனைவி பிரசவத்தில் இறந்தாள். அவளையும் அண்ணன் வரைந்து கொடுத்தார். அச்சு அசல் அவளேதான் என்று லயமே சொன்னது. மறு வருஷம் திவசத்துக்கு முன்னால் சின்னக்கருப்பன் அந்தப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரய்யா, ஒங்கள நான் குத்தம் சொல்லலைங்க. ஆனா கண்ண மூடுனா நீங்க வரஞ்ச முகந்தான் வருது. அவ முகம் வர மாட்டேங்குது. அவளுக்கு மூக்கு இப்புடியா இருந்துச்சு? தெரியலைங்களே. இத நீங்களே வச்சிக்கங்க."

அவர் போன பிறகு அண்ணன் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மூக்கும் இமையும் உதடும் எனக்குத் தெரிந்தவைதான். அந்தக் கோயில் திரைச்சீலையில் இருந்த வள்ளி, தோட்டத்துச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அன்றோடு அண்ணன் முகம் வரைவதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு அவருடைய பலகைகளில் வெறும் நிறங்கள்தான். முதலில் மலைச்சரிவு என்றாவது தெரியும்; பிறகு அதுவும் கலைந்தது. பச்சைக்குள் ஒரு கறுப்பு, கறுப்புக்கு மேலே ஒரு மஞ்சள், அவ்வளவே. "இது என்னங்க அய்யா?" என்று கேட்பவர்களிடம், "அவுங்களப் பத்தி நீங்க சொன்னதக் கேட்டப்போ எனக்குத் தோணுனது" என்பார். பெரும்பாலானவர்கள் படத்தை வாங்காமலே திரும்பிப் போனார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் காய்ச்சல் வந்தது. பாக்கியத்தையும் கொண்டுபோயிற்று. பதுளைக்குக் கூட்டிப்போய் அவளைப் படம் பிடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். மழையில் மண் சரிந்து அடைபட்ட பாதை திறக்கட்டும் என்று காத்திருந்தோம். பாதை திறந்தபோது பிள்ளை இல்லை.

கருமாதிக்கு முன்னால் நான் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, பாக்கியத்த வரஞ்சு குடுங்க."

"முகம் வேணாம் தங்கச்சி."

"ஊருக்கெல்லாம் வரஞ்சீங்க. என் புள்ளைக்கு மட்டும் ஒங்க கை வராதா?"

"வரஞ்சா அவ போயிருவா."

"போயிட்டாளே அண்ணே!" என்று கத்தினேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். படையல் அன்று ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்தார். மேலே வெளிர் மஞ்சள், கீழே ஈரமண் நிறம், நடுவே தேய்த்துவிட்டது போல ஒரு சிவப்பு. "நல்லாப் பாரு" என்றார். நான் நன்றாகத்தான் பார்த்தேன். அதில் என் பிள்ளை இல்லை. பலகையைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். சோறு பொங்கிப் போட்டேன், துணி துவைத்துப் போட்டேன். ஆனால் வெகுகாலம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என் கோபம். அதற்கு எனக்கு உரிமை இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

தோட்டத்தில் வேலை போனதும் படத்தால்தான். அம்மன் கோயிலுக்குத் திரைச்சீலை வேண்டும் என்று, தொழிலாளர்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி கேட்டார். அண்ணன் சீலை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகப் பூசிக் கொடுத்தார். திருவிழா அன்று அதை விரித்ததும் கூட்டம் கொந்தளித்தது. "அம்மனுக்கு மொகம் எங்க வாத்தியாரே?" என்று கங்காணி மேலே விழாத குறையாகக் கேட்டார்.

"ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு மொகம் இருக்கே, அதுல எத வரைய?" என்றார் அண்ணன்.

"அதச் சொல்லத்தானய்யா ஒங்களக் கூப்புட்டோம்!"

வாத்தியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தோட்டத்தை நிர்வகித்த துரை காதுக்கு எட்டியது. சட்டி பானையோடு பதுளைக்கே திரும்பினோம். கடையின் பின்கட்டில் அண்ணன் சில பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். "எங்க புள்ளைக்குச் சாமி படம் போடச் சொல்லிக்குடுங்க, போதும்" என்று கேட்ட பெற்றோர்கள் மெல்ல மெல்லப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அவர் கவலைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நிறங்களும் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் படங்களில் சாம்பல் நிறமும் கரும்பச்சையும் தவிர வேறில்லை. இரண்டும் சேருகிற இடத்தில் கோடு இருக்காது. அந்த இடத்துக்காகவே வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

நெஞ்சுச் சளி முற்றி அவர் படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு நாள் பிற்பகல், மனதில் கிடந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, பாக்கியத்து முகம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு வர மாட்டேங்குது."

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். வரையாமல் விட்டால் முகம் என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தார் போலும். அப்படி இருக்கவில்லை. முதலில் அவள் காது போயிற்று, பிறகு நெற்றி, பிறகு கண். குரல் மட்டும் எப்போதாவது வரும்.

கரித்துண்டு கேட்டார். ஒரு பழைய துணியைப் பலகையில் விரித்துக் கொடுத்தேன். படுத்தபடியே வரைந்தார். மூக்கு வந்தது, இமை வந்தது, உதடு வந்தது. அந்த நிலையிலும் அது வள்ளிதான். அவரே அதைப் பார்த்து, உள்ளங்கையால் அழித்தார்.

"என் கைக்கு இந்த ஒரு மொகந்தான் தங்கச்சி தெரியும். சின்னக்கருப்பன் வந்துட்டுப் போன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஒன் புள்ளைக்கு அதக் குடுக்க எனக்கு மனசு வரல." சற்று மூச்சு வாங்கிவிட்டு, "நான் செஞ்சது தப்பா?" என்றார்.

"தப்புதாண்ணே" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அவரிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆனால் கரி படிந்த அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கிப்போனார். அந்த வாரத்திலேயே எங்களை விட்டுப் போனார்.

அவருடைய நோயில் இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய, கடையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஒன்றுவிட்ட சகோதரருக்கும், மலையிறங்கி வந்து பாடையைத் தூக்கிய மடுல்சீமை மாணவர்களுக்கும், இந்த மலரை அச்சிட உதவிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் நன்றி உடையது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணனுக்குச் சாயப்பொடி விற்றுவந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைவீதிக்காரர், துக்கம் கேட்க வந்திருந்தார். அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், நான் கேட்காமலே, "தங்கச்சி, ஒங்கட புள்ள ஒருக்கா மாமாவோட கடைக்கு வந்த. சிரிக்கக்குள்ள ஒத்தக் கண்ண மட்டும் மூடிக்கொள்ளும், இல்லையா?" என்றார். ஆமாம், மூடிக்கொள்வாள். பெற்ற நான் அதை மறந்தே போயிருந்தேன். அன்று முழுக்க அந்த ஒரு கண் என் எதிரிலேயே இருந்தது.

இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் அந்நாளில் மடுல்சீமையில் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள். அண்ணனின் ஆண்டு நினைவு நாளுக்கு வரும்போது மாலையும் பழத்தட்டும் வேண்டாம். என் பாக்கியத்தைப் பார்த்திருந்தால், அவளிடம் நீங்கள் கண்டது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். சரியாக ஞாபகம் இல்லாவிட்டாலும் வாருங்கள்.