அழலாம் என்று யாரும் சொல்லவில்லை

"வயது ஒன்றரை. பிடித்தால் உட்காரும். தவழவில்லை, காலை ஊன்றவில்லை. தரையில் விடச் சொன்னால் தாய் பதறுகிறாள்."

எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில், திங்கட்கிழமை வீட்டு விசிட்டின்போது நான் எழுதிய குறிப்பு இது. வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டாக அப்போது வேலை பார்த்தேன்.

குழந்தை யாழினிக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. முன்பெல்லாம் அழுதால் உதடு நீலம் பூத்து மூச்சுத் திணறும். ஆபரேஷன் முடிந்து பல மாதமாகிவிட்டது. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் நன்றாக இருந்தது. தசையிலும் குறை தெரியவில்லை. பிறகு ஏன் நிற்கவில்லை?

அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். அம்மா செல்வி சோறு வடிக்கப் போனதும் எதிர்வீட்டுப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வேலை வந்ததும், மீன் விற்றுத் திரும்பிய பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை சிணுங்கும் முன்பே இடுப்பு மாறியது.

"மகாராணி காலு இன்னும் தரையப் பாக்கல மேடம்," என்றார் கன்னியம்மா. "எங்க தெருவே முறை வச்சு தூக்கிக்கினு கீது."

"கீழே விட்டா என்ன?" என்று கேட்டேன்.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மேடம் ஈசியா சொல்றீங்கோ? அழவே வுடாதன்னு டாக்டர்தான் சொன்னாரு. நீலமாப் பூட்டா நீங்களா வருவீங்கோ?"

டாக்டர் சொன்னது ஆபரேஷனுக்கு முன்னால். அதன்பின் அந்தத் தடையை யாரும் நீக்கவில்லை. நான் வாதாடாமல், எக்கோ பார்த்த டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அழட்டும்மா, தவழட்டும். இப்ப ஒண்ணும் ஆகாது," என்றார் அவர்.

பாயை விரித்தோம். செல்வியே இறக்கிவிட்டாள். யாழினி வீறிட்டாள். வாசலில் கூடிய பெண்களின் கண்ணெல்லாம் அந்த உதட்டின் மேல். செல்வி தூக்கக் கையை நீட்டினாள்; மடக்கிக்கொண்டாள்.

"அடியே, செவப்பாத்தான் கீதுடி!" என்று கன்னியம்மா கூவினார். "கத்து கண்ணு, நல்லாக் கத்து! மீன் ஏலத்துல என் குரலையே அமுக்கிடுவ போல!"

செல்வி சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

அதன்பின் தெருப் பெண்கள் முறை வைத்துத் தரையில் விளையாட்டுக் காட்டினார்கள். காலி மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து, அதைப் பிடித்து நிற்கப் பழக்கினார்கள்.

இளைய பிசியோக்களுக்கு ஒன்று சொல்வேன். ஆபரேஷன் முடிந்த குழந்தையின் வீட்டில், எந்தப் பழைய தடை இன்னும் நடப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது தேவையில்லை என்றால், டாக்டர் வாயாலேயே அதை நீக்கச் செய்யுங்கள்.

சில மாதங்களில் யாழினி நடந்தாள். முதல் அடி தன்னை நோக்கித்தான் என்கிறாள் செல்வி. தன் மீன்கூடையை நோக்கித்தான் என்று அடித்துச் சொல்கிறார் கன்னியம்மா. அன்று நான் அங்கே இல்லை. எது சரி என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.