பத்தாவது வரைக்கும்

அரசாங்க வேலை வரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அரசாங்க வேலை இன்றுவரை வரவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் வளர்ந்துவிட்டது. எங்களுடையது விவசாயக் குடும்பம், பி.எஸ்சி., பி.எட். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்துகிறார், டீச்சர் தேடுகிறார் என்று யாரோ சொல்ல, அப்பா என்னை மொபெட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

இறங்கிப் பார்த்தால் பள்ளிக்கூடத்தைக் காணோம். ஒரு செட்டிநாட்டு வீடு இருந்தது. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பைத் தாண்டினால் வளவு. அதாவது நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகப் பூட்டிய அறைகள். அவை பங்காளிகளுடையவை. குடும்பத்துக்கு ஓர் அறை, சாவி மட்டும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும். தாழ்வாரம் எல்லோருக்கும் பொது. அந்தப் பொது இடத்தில்தான் எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை உட்கார்ந்திருந்தது.

வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. மூன்றாம் வகுப்புக்கு நான் நடத்தும் கணக்கை யு.கே.ஜி. பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்து சேரும்போது பாதிப் பாடம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து எங்கள் போதனா முறையைப் புகழ்ந்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

ஆச்சி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தவர். வீட்டுக்காரருக்குச் சென்னையில் இரும்புக் கடை. மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ள இங்கே இருந்தவர், அவர்கள் காலத்துக்குப் பிறகும் சென்னைக்குப் போகவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டி வைத்து ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, அது இப்படி ஆகிவிட்டது. எல்.கே.ஜி.யை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். முதல் நாள் அழுகிற பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவார்.

நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "நம்மகிட்ட எல்.கே.ஜி. சேந்த பிள்ளை நம்மகிட்டயே பத்தாவது எழுதணும் டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்கிறவர்களிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. டை, ஷூ, வீட்டு வாசலுக்கு வரும் வேன், இந்த மூன்றும் பாதி வேலையைச் செய்தன. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒரு தகப்பனார் நேரே வகுப்புக்குள் வந்து, "மிஸ், எம்புள்ளைய இங்கிலீஷ்ல ஏதாச்சும் பேசச் சொல்லுங்க, கேப்போம்" என்றார். பையன் எழுந்து நின்று, பாத்ரூம் போகலாமா என்று இங்கிலீஷில் கேட்டான். தகப்பனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பையனுக்கு நிஜமாகவே அவசரம் என்பதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பின்தெருவில் இருந்த யூனியன் பள்ளிக்கூடத்தின் ஆசிரியரே தன் மகளை எங்களிடம் சேர்த்தார். காலையில் அவளை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, ஆளில்லாத தன் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போவார். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை.

எங்களுக்கென்று ஒரு விடுமுறை உண்டு. பங்காளிகள் எந்த ஊரில் இருந்தாலும் கல்யாணம் பூர்வீக வீட்டில்தான் நடக்க வேண்டும். வீட்டைக் கொடுக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை, தேதியைச் சொல்லுவார்கள். உடனே பெஞ்சுகள் இரண்டாம் கட்டுக்குப் போய்விடும், பூட்டிய அறைகள் திறக்கும், முற்றத்தில் பந்தல் ஏறும். பிள்ளைகள் அதை வளவு லீவு என்பார்கள். வைகாசி, ஆவணி வந்தால் என்னைக் கண்டதும், "மிஸ், யாருக்கும் கல்யாணம் வரலையா மிஸ்?" என்று விசாரிப்பார்கள். ஊர்க்காரர்களும் குறை சொன்னதில்லை. கல்யாணம் என்றால் வீட்டைக் கொடுக்காமல் எப்படி?

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரை வந்தது. ஒன்பது, பத்துக்கு அனுமதி கேட்டு ஆச்சி நடையாய் நடந்தார். ஆச்சி இடுப்பில் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த முதல் கூட்டம் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தது. அவர்கள் இங்கேயே பத்தாவது எழுத வேண்டுமென்றால் அந்த வருஷமே அனுமதி வந்தாக வேண்டும். பார்வையிட வருகிறோம் என்று அதிகாரிகள் தேதி சொன்னார்கள். அது, கோயம்புத்தூர்ப் பங்காளி தன் மகள் கல்யாணத்துக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்த தேதி.

வேறு யாராவது இருந்தால் போனை எடுத்து, சார், வேறொரு நாள் வாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். நானும் சொன்னேன். ஆச்சி என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கல்யாணத்தன்னைக்கு வீட்டுக்கு வாரேங்கிறவுகள வராதீகன்னு சொல்றதா? என்ன பேசுறீக டீச்சர்? வாரவுகளத் தடுத்தா பொண்ணு மாப்பிள்ளைக்கு அபசகுனமாப் போயிரும். வரட்டும். காலையில முகூர்த்தம் முடிஞ்சிரும். அப்பறம் பள்ளிக்கூடந்தானே?"

அதிகாரிகள் முகூர்த்த நேரத்துக்கே வந்துவிட்டார்கள். வாசலில் நின்ற பெண்வீட்டார் அவர்களை மாப்பிள்ளை வீட்டு மனிதர்கள் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்து உள்ளே அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டியதும் அவர்களும் அட்சதை போட்டார்கள். பிறகு பந்தியில் பால் பணியாரமும் கந்தரப்பமும் வரவர, மறுக்க வழியில்லாமல் சாப்பிட்டார்கள். கை கழுவின பிறகுதான் மூத்த அதிகாரி என்னிடம் மெல்லக் கேட்டார், "பள்ளிக்கூடம் எங்கேம்மா?"

பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன். சமையல் அண்டாக்களுக்கு அங்குட்டு எட்டாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. மேளச் சத்தத்தில் நான் கேட்ட கேள்வி பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை, அவர்கள் சொன்ன பதில் அதிகாரிக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் தலையாட்டினார். நல்ல மனிதர். போகும்போது மணமக்களுக்கு மொய் எழுதிவிட்டுத்தான் போனார்.

கட்டடம் பள்ளியின் தனி உபயோகத்தில் இல்லை, அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணால் கண்டதைத்தான் அவர் எழுதியிருந்தார்.

எட்டாம் வகுப்பு முழுதும் டி.சி. வாங்கிக்கொண்டு காரைக்குடிப் பள்ளிகளுக்குப் போனது. ஆச்சி ஒவ்வொரு டி.சி.யையும் தன் கையால் கொடுத்தார். நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஒரு தாய், "நீங்க இருப்பீகன்னு நம்பித்தான ஆச்சி இங்குட்டு விட்டேன்" என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு போன், ஒரு வார்த்தை. அதற்கு மேல் என்ன செலவு?

அடுத்த மாதமே அவர் பங்காளிகளைக் கூட்டினார். வீட்டுக்கு வெளியே, திருப்பத்தூர் ரோட்டில் இடம், கட்டடம், அறக்கட்டளை. வசதியானவர்கள் உற்சாகமாகச் சேர்ந்தார்கள். பூர்வீக ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை வெளியூரில் இருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. கட்டடம் எழும்பி அனுமதிக்குப் போகும்போது, அவர்களில் ஆடிட்டராக இருந்த ஒருவர் விதிகளைப் படித்துக் காட்டினார். முதல்வருக்கு பி.எட். கட்டாயம். தாளாளர் பதவி அதிகப் பணம் போட்டவருக்கு என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். ஆச்சி அறக்கட்டளையில் ஓர் உறுப்பினர். அவ்வளவுதான்.

"எல்.கே.ஜி.யாச்சும் நான் எடுக்கிறேனே?" என்று ஆச்சி கேட்டார்.

"அதுக்கும் டிரெயினிங் சர்டிபிகேட் வேணும்ல ஆச்சி" என்றார் ஆடிட்டர். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆச்சி சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர் பி.எட். முடிச்சிருக்காக. அவுகளையே போடுங்க. பத்தாவது வந்தாப் போதும்" என்றார். அந்த நிமிஷம் எனக்கு வருத்தமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. சந்தோஷம்தான் கொஞ்சம் அதிகம். அன்று இரவு வீட்டில் கேசரி கிண்டினோம்.

புதுப் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு சுவர் இருக்கிறது. என் அறையில் ஏ.சி. இருக்கிறது. வளவு லீவு என்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆச்சி கூட்டம் போடும்போது மட்டும் வருவார். எல்.கே.ஜி. பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். அழுகை கேட்டால் நடையை எட்டிப் போட்டுவிடுவார்.

எங்கள் முதல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று காலையிலேயே வந்து, பெற்றோர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதியவர்கள் எல்லோரும் அவர் கையில் எல்.கே.ஜி. ஆரம்பித்தவர்கள்.

"எல்லாரும் பாஸா?"

"எல்லாரும் பாஸ் ஆச்சி."

கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்து டம்ளரில் தண்ணீர் எடுத்து வைத்தேன். அவர் அழவில்லை.

"அதுகள இப்ப வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணுமே டீச்சர். பிளஸ் ஒன் நாமளே ஆரம்பிச்சா என்ன?"

"ஆரம்பிக்கலாம். இடம் இருக்கு, லேப் கட்டணும்" என்றேன். அவர் தயங்கினார். எப்போதும் தயங்காதவர்.

"ஆடிட்டர் தம்பிகிட்ட நேத்தே கேட்டேன். பிளஸ் டூ வரைக்கும் போனா முதல்வருக்கு எம்.ஏ., எம்.எஸ்சி. எதாச்சும் இருக்கணுமாம். நீங்க..."

"பி.எஸ்சி.தான் ஆச்சி."

வெளியே பாஸான பிள்ளைகளும் பெற்றோரும் மிட்டாய் பெட்டிகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தவரே வந்து எழுந்திரு என்கிறாரே என்ற கோபம். அதைவிட, அவர் முகத்தில் துளி வன்மம்கூட இல்லையே என்ற கோபம்.

"எம்.எஸ்சி. போடுறேன் ஆச்சி. முடிக்க ரெண்டு வருஷம் ஆகும்."

ஆச்சி என்னையே பார்த்தார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

"நீங்க சொன்னாச் சரி டீச்சர். பிள்ளைக ரெண்டு வருஷம் காத்திருக்குமா?"

காத்திருக்காது என்று நான்தான் சொன்னேன்.