வளைவுக்கு மணல் போதும்

வெர்னன் டிராம்ப்ளியின் வீடு மலைச்சாலை வளைவுக்குக் கீழே, சரிவில் இருந்தது. சாலையில் பனி உறையாதபடி உப்புத் தூவும் ஊராட்சி லாரியை அவன்தான் ஓட்டினான். மகள் ஜோலீனின் கார் அந்த வளைவில் சறுக்கி ஓடைக்குள் போன குளிர்காலத்திலிருந்து, அங்கே மட்டும் உப்பை இரட்டிப்பாகத் தூவினான். அதன்பின் அங்கே யாரும் சாகவில்லை.

உப்பு சரிவில் இறங்கி அவன் கிணற்றுக்கே வந்தது. காபி கரித்தது. பம்பு துருவேறி உதிர்ந்தது. மனைவி டோரீனின் கால்கள் வீங்கின. இதயம் தளர்ந்துவிட்டது, உப்பைத் தொடாதீர்கள் என்றார் மருத்துவர்.

"முட்டைக்குக்கூட நான் போடுறதில்லையே!"

"தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க?"

இலையுதிர்காலத்தில் தோட்டத்தின் மறுகோடியில் புதுக் கிணறு போட்டார்கள். தண்ணீர் இனித்தது. "இதுவும் அதே சரிவுதான். மேலேருந்து வர்றது நின்னாத்தான் பிழைக்கும்" என்றான் துளைபோட்டவன்.

"வளைவுக்கு மணல் போதும், வெர்ன். சத்தியம் பண்ணு" என்றாள் டோரீன். பண்ணினான்.

பனி விழுந்த நாட்களில் மணல் தாங்கியது. ஜனவரியில் ஒரு காலை மழை வந்தது. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும் மழை. வளைவில் லாரியின் உப்புத் திறப்பை மூடிவிட்டு இறங்கி, ஓரத்தில் குவித்திருந்த மணலை வாரி வாரி வீசினான். கண்ணெதிரே மணலை மூடிக்கொண்டு பனிக்கட்டி படர்ந்தது. காலை ஊன்றிப் பார்த்தான். வழுக்கியது.

லாரி ரேடியோவில் இன்னொரு ஓட்டுநர் டுவைட் கூப்பிட்டான். "என்னடா, உன் வளைவுக்கு ஊறுகாய் போட்டாச்சா? ஸ்கூல் பஸ் வருது."

"மணல் போட்டிருக்கேன்."

"இந்த மழைக்கு மணலா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லு."

"மலை ஏற ஆரம்பிச்சாச்சுடா. நடுவுல நின்னா அப்படியே பின்னால சறுக்கிரும்."

வெர்னன் லாரியைப் பின்னால் எடுத்தான். உப்பைத் திறந்தான். இரண்டு முறை போய் வந்தான். கீழே அடுக்களை ஜன்னலில் டோரீன் நின்றிருந்தாள்.

பஸ் நிதானமாக ஏறிப் போனது. உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வேலை முடிந்து அவன் வீட்டுக்குள் வந்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வீங்கிய பாதங்களில் அவனுடைய காலுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டு டோரீன் தொட்டியருகே நின்றாள். ஜாம் ஜாடிகள், கெட்டில், பூச்சாடிகூட, எல்லாம் நிறைந்திருந்தன.

"உப்பு கிணத்துக்கு எப்ப இறங்கும்?"

"பனி உருகும்போது."

அவள் அடுத்த ஜாடியைக் குழாயடியில் வைத்தாள்.

"அந்தப் பெரிய பாத்திரத்தையும் மேலேருந்து எடுத்துக் குடு. எனக்கு எட்டல."