அக்கா துடைத்த இலைகள்

“ஆலமரத்து ஜாதியை வீட்டுக்குள்ள வெச்சுகினு வளக்கப் போறாளாம்! பொழைக்குமா இது? படிச்ச பொண்ணு புத்தியப் பாரு.” அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் பாவா, அன்று அப்படிச் சொல்லிச் சிரித்தார். தன் நாட்டுக்குத் திரும்பிய மிஷன் பள்ளித் துரைசானியம்மா என்னிடம் விட்டுப்போன ரப்பர் செடி அது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிறகு அதே பள்ளியில் ஆசிரியையும் ஆனேன். ஒரு செடியிடம் தோற்பேனா? மலையைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாமல் தொட்டியை வைத்தேன். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஊற்றுவேன். தட்டளவு அகன்ற இலைகளை ஈரத்துணியால் துடைப்பேன். செடி பிழைத்தது.

அது யுத்த காலம். நூல் கிடைக்காமல் பொதட்டூர்பேட்டையில் பாவாவின் தறி நின்றுபோயிருந்தது. அரைவயிற்றோடு பிரசவத்துக்கு வந்த அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் சுரக்கவில்லை. பசும்பாலைக் காய்ச்சிப் புகட்டினால் குழந்தை கக்கிவிடும்.

“கன்னு போட்ட மாட்டோட நஞ்சுக்கொடிய எதுக்கு ஆலமரத்துல கட்றாங்க? பால் மரம்னுதானே? ஜெபம் பண்ணியாச்சு. இதோட எலைய மடியில முடிஞ்சும் பாத்துடலாம்டி” என்றாள் அம்மா, செடியைக் காட்டி.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். படித்தவள் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தாள். காம்பில் வடிவது தாய்ப்பாலை வரவழைக்காது என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்களிடம் அதைச் சொல்ல முடியவில்லை. நானே ஓர் இலையைக் கிள்ளி, வெள்ளையாய்ச் சொட்டச் சொட்ட அவளிடம் கொடுத்தேன். முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

குழந்தை அந்த வாரமே போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள், செடி துடைக்கும் துணியை அக்கா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வெந்நீரை விளாவி, கையை விட்டுச் சூடு பார்த்து, தலை நிற்காத பிள்ளையைத் தாங்குவதுபோல ஒவ்வோர் இலையையும் உள்ளங்கையில் ஏந்தித் துடைத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு வேலை. உச்சியில் சிவப்பு உறைக்குள் சுருண்டபடி புதுத்தளிர் வரும்போதெல்லாம், அது விரியும்வரை சோறு தொடமாட்டாள். “பாரேன், கண்ணு தொறக்குது” என்பாள். புதுத்தளிரைக் கண்டு பூரித்த நான், அதைக் கண்டாலே நடுங்க ஆரம்பித்தேன். செடி செழித்தது. அக்கா எலும்பாகிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அழைத்துப்போக வந்தார் பாவா. இந்தமுறை கேலி இல்லை.

“தொட்டிய நானே தூக்கிகினு வரேன். நீ வந்தா போதும்.”

“எடம் மாத்தினா எலை கொட்டிடும்ங்க” என்றாள் அக்கா.

எப்போதோ நான் சொன்னதுதான். உண்மையும்கூட. பாவா என்னைப் பார்த்தார். அதைப் பொய்யென்று சொல்ல என்னால் ஆகவில்லை. அவர் தனியாகத் திரும்பிப் போனார். அதன் பிறகு அக்கா கஞ்சியைக்கூட வேண்டாம் என்றாள். அந்த ஜன்னலடியிலேயே அவளும் போய்விடுவாள் என்று தோன்றிவிட்டது.

நேற்றுக் காலை நானே மாட்டுவண்டி பேசி, தொட்டியைத் தூக்கி வைக்கோல்மேல் இருத்தினேன். அக்கா அலறவில்லை. வண்டியில் ஏறி, செடியை மடியோடு சாய்த்துக்கொண்டாள். பொதட்டூர்பேட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். இலைகள் உதிரத்தான் போகின்றன. அப்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான், பள்ளிக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.