கூலிங் பேப்பரை உரித்த ஞாயிறு

அப்பா கொத்தனார். அம்மாவும் சித்தியும் சித்தாள் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, மலையாளம் பேசும் ஊரான கரமனையில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். கழக்கூட்டம் என்கிற ஊரில் ஃபிளாட் கட்டும் வேலைக்கு மூவரும் அதில்தான் போய்வந்தார்கள். திரும்பும்போது என்னை ட்யூஷன் வாசலில் ஏற்றிக்கொள்வார்கள்.

வேன் கண்ணாடி முழுக்கக் கூலிங் பேப்பர். முன்னால் வைத்திருந்தவர் ஒட்டியது. வெயில் பட்டுக் கறுப்பு போய்க் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. கொப்புளம் கொப்புளமாக எழும்பி ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது.

"எடீ, நின்றெ கத்திரிக்கா வண்டி வந்நு. ஓடிக்கோ" என்பாள் ட்யூஷனில் கூடப் படித்தவள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பத்து வயது. காது சுடும். உரித்துப் போடச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன்.

"கெடக்கட்டும்ட்டி."

எத்தனை தடவை கேட்டாலும் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது சவர பிளேடை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினேன். பேப்பர் முழுசாக வரவில்லை. துணுக்குத் துணுக்காகக் கிழிந்தது. பெருவிரல் அறுந்தது. பசை கண்ணாடியிலேயே நின்றது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். நாலு மணிக்குக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அம்மா வந்து பார்த்தாள். கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"யாரு ஒன்னைய தொடச் சொன்னா?"

"விடுக்கா. பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றாள் சித்தி.

"அப்ப நாளைக்கு நீ என்ன செய்வ?" என்று அம்மா சித்தியிடம் திரும்பினாள்.

வண்டியை அழகாக்கினதற்கு அடியா என்று எனக்கு ஆத்திரம்.

மறுநாள் ட்யூஷன் வாசலுக்கு வேன் வந்தது. அம்மாவும் சித்தியும் பின்சீட்டில் தலையைக் குனிந்து சுருண்டிருந்தார்கள். சேலை நனைந்து, சிமெண்ட் காய்ந்து, மேலே ஆம்பளைச் சட்டை. அந்தக் கோலத்தில் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. வேலை முடிந்ததும் வேனுக்குள் வைத்தே சேலை மாற்றிவிடுவார்கள்.

"ஏம்மா மாத்தல?"

சித்திதான் சொன்னாள். "எங்க வச்சு மாத்த? நடுரோட்டுலயா?"

மாற்ற ஒரு தகர மறைப்பு வேண்டும் என்று இவர்கள் சூப்பர்வைசரிடம் முன்பே கேட்டிருக்கிறார்கள். "நிங்ஙள் பணிக்கு வந்நதோ, கல்யாணத்தினு வந்நதோ?" என்றானாம். அதைச் சித்தி வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

அந்த ஃபிளாட்டில் மாடிக்கு எட்டு குளியலறை. எல்லாவற்றுக்கும் அம்மா கல் சுமந்தாள். ஒன்றுக்கும் அப்போது கதவு வரவில்லை. எங்கும் ஆட்கள். கதவு வந்த பிறகு இவர்களை உள்ளே விடவில்லை.

யார்மேல் கோபப்பட வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. வேனில் பக்கத்தில் இருந்தது அம்மா. சிமெண்ட் என் யூனிபாரத்தில் படாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.